ஃபுளோரன்ஸ் ஒயின் வணிகர் சங்கம்: ஊருக்குக் காவலா, தொழிலுக்கு வேலியா?

பழைய ஏடு:
இடைக்கால வணிகச் சங்கம் என்றாலே கொள்ளைக் கூட்டம் என்கிறார்கள். 1282இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உருவான இந்த ஒயின் வணிகர் சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். தேவாலயத்திலிருந்து 100 பிராச்சியோவுக்குள் (ஏறக்குறைய 58 மீட்டர்) கடை கூடாது. 15 வயது நிரம்பாதவர்களுக்கு ஊற்றக் கூடாது. திருடர்களுக்கு இடம் தரக் கூடாது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இவ்வளவு யோசித்தவர்களை எப்படிக் குறை சொல்வது?

கணக்குப்பிள்ளை:
அந்த விதிகளை எழுதியதே கடைக்காரர்கள்தானே நண்பரே? 1293 நீதிச் சட்டத்துக்கு அப்புறம், சங்கத்தில் பெயர் இல்லாதவருக்கு நகர ஆட்சியில் பதவியும் இல்லை. பீப்பாய் உருட்டிய கூலிக்காரர் எங்கே போவார்? எனக்கு வலிப்பது அதுதான்.

பழைய ஏடு:
அந்தச் சட்டம் குறிவைத்தது ஆட்டம் போட்ட பிரபுக் குடும்பங்களை. 21 சங்கங்களில் ஒயின்காரர்கள் சிறிய சங்கங்களின் வரிசையில் இருந்தார்கள். கம்பளி, பட்டு, வட்டித்தொழில் என்று பெரிய ஏழு சங்கங்களிடம்தான் பிடி இருந்தது.

கணக்குப்பிள்ளை:
சிறியது என்று தள்ளாதீர்கள். ஜொவான்னி தி பியேரோ அந்தினோரி 1385இல் சேர்ந்தது இதில்தான். அந்தக் குடும்பம் இன்றும் ஒயின் விற்கிறது.

ஊர்க்குருவி:
இருவரும் வரியை விட்டுவிட்டீர்கள். 1330களின் நகர வருமானத்தை அக்கால ஃபுளோரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி தன் நாளாகமத்தில் எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் சுமார் 3 லட்சம் ஃப்ளோரின் (அந்த ஊர்த் தங்க நாணயம்). அதில் சில்லறை ஒயின் வரி மட்டும் 58,000க்கும் மேல். தெரிந்த கடையில் தெரிந்த அளவில் விற்றால்தான் அந்தப் பணம் வரும். சந்துக்குள் ஒளித்து விற்ற ஒவ்வொரு கோப்பையும் கஜானாவுக்கு நஷ்டம். இவ்வளவு கண்டிப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

பழைய ஏடு:
வரிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கோமகன் முதலாம் கோசிமோ தே மெதிச்சி ஆட்சியில் நிலக்கிழார்கள் தங்கள் மாளிகையிலிருந்தே நேராக விற்க ஆரம்பித்தார்கள். சுவரில் குடுவை நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல். இன்றும் அங்கே பார்க்கலாம். சங்கம் அவ்வளவு பலசாலி என்றால் இதைத் தடுத்திருக்காதா?

கணக்குப்பிள்ளை:
அது நடந்தது 250 வருடத்துக்கு அப்புறம், அதுவும் குடியரசு போய்க் கோமகன் ஆட்சி வந்த பிறகு. 1300களின் கூலிக்காரருக்கு அந்த ஜன்னலால் என்ன பயன்? அவரைப் பற்றி விதிகளில் ஒரு வரி இருந்தால் காட்டுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.