அக்கா மகள் வீடு மாறவில்லை, தொகுதி மட்டும் மாறிவிட்டது. எப்படி?

மிளகுக்கொடி (நாகலூர், ஏற்காடு):

என் அக்கா மகள் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் இருக்கிறாள். குடியுரிமை வாங்கி வாக்களிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே வீடுதான். ஆனால் 2022 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு தொகுதி, 2024-இல் வேறொரு தொகுதி என்கிறாள். வாக்காளர் பட்டியலில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். "இல்லை சித்தி, எல்லையையே மாற்றிவிட்டார்கள்" என்கிறாள். வாக்குச்சீட்டில் நீதிபதி பதவிக்கும் வேட்பாளர்கள் இருந்தார்களாம்.

இரண்டே ஆண்டில் எல்லையை மாற்றுவது யார்? யார் அனுமதி கொடுக்கிறார்கள்? இதை ஊர்க்கதையாகக் கேட்கவில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். பள்ளி, ஆஸ்பத்திரி, காப்பிக்கொட்டை வியாபாரம் எல்லாம் எங்களுக்கு அங்கேதான். எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். கோடு போடுகிறவர் யார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (அஸ்தம்பட்டி, சேலம்):

பட்டியலில் பிழை இல்லை அம்மா. உங்கள் அக்கா மகள் சொன்னது சரி.

அங்கே பிரதிநிதிகள் அவைக்கு (நம் மக்களவை போன்றது) 435 இடங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எந்த மாநிலத்துக்கு எத்தனை என்று பிரிப்பார்கள். 2020 கணக்கெடுப்பில் வட கரோலினாவின் 13 இடம் 14 ஆனது. மாநிலத்துக்குள் கோடு போடும் வேலை பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்தச் சட்டமன்றத்தின் கையில். அவையில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அது தனக்கு வசதியாக வரையும். அவர்கள் தங்கள் சொந்தத் தொகுதிகளையும் தாங்களே வரைகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வட கரோலினாவில் நடந்தது இது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை 2021-இல் வரைந்த வரைபடத்தை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீதிமன்றம் ஏற்பாடு செய்த வரைபடத்தில் 2022 தேர்தல் நடந்து, குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டும் ஏழு ஏழு இடங்களைப் பிடித்தன. அதே தேர்தலில் நீதிபதி பதவிகளுக்கும் வாக்கு. அங்கே நீதிபதிகள் கட்சிப் பெயரோடு நிற்கிறார்கள். நீதிமன்றத்தின் பெரும்பான்மை குடியரசுக் கட்சியினரிடம் போனது. 2023 ஏப்ரலில் புதிய நீதிபதிகள் பழைய தீர்ப்பை மாற்றினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம் மறுபடி வரைந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், ஆனால் தொகுதி வரைபடத்தை ரத்து செய்யும் அதிகாரம் அந்த மாநில ஆளுநருக்கு இல்லை. 2024 முடிவு, குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு. அதே நாளில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அந்த மாநிலத்தில் இரு கட்சிகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ மூன்று சதவீதம் மட்டுமே.

எப்படி வெட்டுகிறார்கள் என்பதற்குச் சேலத்தையே வைத்துக்கொள்வோம். மாநகரத்தில் ஒரு கட்சிக்குச் செல்வாக்கு, சுற்றுக் கிராமங்களில் இன்னொன்றுக்கு. நகரத்தை நான்காகக் கீறி ஒரு துண்டை ஓமலூரோடும், ஒன்றை வீரபாண்டியோடும், மற்றவற்றை வேறு பக்கங்களிலும் சேர்த்தால் நகரத்தார் எங்கும் சிறுபான்மை. அல்லது நகரத்தார் அத்தனை பேரையும் ஒரே தொகுதியில் அடைத்து, அங்கே மட்டும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க விட்டு, மிச்சத்தைத் தாங்கள் அள்ளலாம். ஜெர்ரிமாண்டரிங் என்பது இந்த இரண்டு வேலையும்தான். 2019-இல் வட கரோலினா வழக்கில், கட்சி லாபத்துக்காக வரைந்ததா என்பதைக் கூட்டாட்சி (மத்திய) நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு குடிமக்கள் மாநில நீதிமன்றத்தைத்தான் நம்ப வேண்டும். அந்த நீதிமன்றத்தின் கதையை மேலே சொன்னேன்.

மிளகுக்கொடி:

ஐயா, மனசு கனக்கிறது. எல்லா மாநிலத்திலும் இப்படித்தானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

இல்லை. கலிபோர்னியாவில் 14 குடிமக்கள் கொண்ட ஆணையம் வரைகிறது. இரு பெரிய கட்சிகளிலிருந்தும் ஐந்தைந்து பேர், இரண்டிலும் சேராதவர் நான்கு பேர். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் 2025-இல் டெக்சாஸ், கணக்கெடுப்புக்குக் காத்திராமல், நடுவிலேயே குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மறுபடி வரைந்தது. பதிலுக்குக் கலிபோர்னியா வாக்காளர்கள் அந்த நவம்பரில் ஆணையத்தின் வரைபடத்தைச் சில தேர்தல்களுக்கு ஒதுக்கிவைக்க ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விஷயத்தில் நம் நாட்டு முறை எவ்வளவோ மேல்.

ஆத்தூர் வழக்கறிஞர்:

ஆசிரியர் சொன்னதில் முக்கால் பங்கு சரி. நானும் கள்ளக்குறிச்சித் தொகுதி வாக்காளன்தான். 2008-இல் நடைமுறைக்கு வந்த நம் தொகுதி மறுவரையறையைச் செய்தது உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. உடன் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆளுங்கட்சி கோடு போடவில்லை என்பது உண்மை.

ஆனால் கட்சி போடாத கோடும் மக்களைத் தவிக்க விடும். ஏற்காடே அதற்குச் சாட்சி. இன்னொன்று: அமெரிக்காவில் இடங்களின் எண்ணிக்கை பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாநிலத்துக்கு மாநிலம் நகர்கிறது. 2020-க்குப் பின் டெக்சாஸுக்கு இரண்டு கூடியது, கலிபோர்னியாவுக்கு ஒன்று குறைந்தது. தமிழ்நாட்டின் 39 இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி வந்தவை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காக இடம் இழக்கக் கூடாது என்பது நம் பெரிய கவலை. அந்த வாதத்தில் ஏற்காடு போன்ற சின்ன ஊர்களின் வலி காணாமல் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

அம்மா, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த முறை ஆணையம் இறுதி முடிவுக்கு முன் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்து, பொது விசாரணையும் நடத்தியது. அடுத்த மறுவரையறையில் வரைவு வரும் வரை காத்திருக்காதீர்கள். மலையில் உள்ள ஊராட்சிகளில் கிராம சபைத் தீர்மானம் போட்டு வையுங்கள். பேருந்து வழி, தூரம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் எந்தப் பக்கம் என்று எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். வரைவு எழுதுவதற்கு நான் உதவுகிறேன், கட்டணம் வேண்டாம்.

மிளகுக்கொடி:

நன்றி ஐயா. நாகலூரில் பேசிவிட்டு அடுத்த கிராம சபை தேதியை இங்கேயே பதிவிடுகிறேன்.