மறுமொழி: பல மின்மூலங்களைச் சேர்ப்பதற்கு ஒரே கலைச்சொல் போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ஒன்றுக்கு மேற்பட்ட மின்மூலங்களைப் பாதுகாப்பாகச் சேர்ப்பதற்கு ‘மின் ஒருங்கிணைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. களத்தில் இது ஒரே வேலை இல்லை, குறைந்தது மூன்று. அதில் ஒன்றில் பாதுகாப்பு என்பதே இரண்டையும் சேர்க்காமல் இருப்பதுதான். அந்த இடத்தில் போய் ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதிவைத்தால், கையேட்டைப் பார்த்து வேலை கற்றுக்கொள்கிற பையன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுவான்.

வீட்டு விஷயத்தை முதலில் பார்ப்போம். ஒரு பக்கம் ஈபி கரண்ட், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்குத் தரும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கைப்பிடிக்கு ஒன்று, சைபர், இரண்டு என்று மூன்று நிலை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக வேண்டுமானால் சைபரைத் தாண்டித்தான் போக முடியும். இரண்டு மூலமும் ஒரு நொடிகூடத் தொட்டுக்கொள்ள வழியில்லாதபடி உள்ளே அமைப்பே அப்படி. மின்சாரம் வருகிற பேஸ் (phase) கம்பி மட்டும் விடுபட்டால் போதாது, நியூட்ரலும் சேர்ந்து விடுபட வேண்டும். அதனால்தான் ஒற்றை பேஸ் வீட்டுக்கு இரண்டு ‘போல்’ (pole, அதாவது ஒரே கைப்பிடியில் இரண்டு கம்பியைத் துண்டிப்பது), மூன்று பேஸுக்கு நான்கு ‘போல்’ வாங்கச் சொல்வது.

இது இல்லாமல், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுகிறவர்கள் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குவது. எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்தால் அதே விகிதத்தில் ஏற்றவும் செய்யும். ‘சின்ன ஜெனரேட்டர், தெருவின் சுமையைத் தாங்காமல் உடனே நின்றுவிடும்’ என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கம்பி இடையில் அறுந்து, அந்தத் துண்டில் இரண்டு மூன்று வீடு மட்டும் இருந்தால் நிற்காது. அறுந்த கம்பியைக் கட்ட வருகிற லைன்மேன் ஏறுவதும் அந்தக் கம்பத்தில்தான்.

ஆக, இங்கே வேண்டிய சொல்லில் ‘இணைப்பு’ என்ற சாயலே வரக்கூடாது. பழையதை முழுக்க விட்டு, அப்புறம் புதியதைப் பிடிப்பது. இதற்கு நான் முன்வைப்பது ‘விட்டுப்பிடி மாற்றம்’. விட்டுப்பிடித்தல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல். செய்ய வேண்டியதை அதே வரிசையில் சொல்லிவிடுகிறது.

இதன் எதிர்வகையும் இருக்கிறது. மருத்துவமனை, தரவு மையம் போன்ற இடங்களில் ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்கும்போதும் கரண்ட் திரும்பி வந்தபின் ஈபிக்கு மாறும்போதும் விளக்கு ஒரு கணம்கூட இமைக்கக்கூடாது என்பார்கள். அங்கே புதிய மூலத்தைப் பிடித்த பிறகுதான் பழையதை விடுவார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம் பொதுவாக 100 மில்லிநொடிக்குள். இதற்குப் பெயர் ‘விடாப்பிடி மாற்றம்’. பிடிவாதம் என்ற பொருள் எட்டிப்பார்க்கிறது, தெரிந்தேதான் சொல்கிறேன். விட்டுப்பிடி, விடாப்பிடி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஆனால் விடாப்பிடி மாற்றத்துக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: இரண்டு மூலமும் முதலில் ஒத்துப்போக வேண்டும். இது இரண்டாவது வேலை. தொழிற்சாலையில் ‘சிங்க் பண்றது’ என்பார்கள். இதற்கு ‘ஒத்திசைவு’ என்று வைக்கலாம்.

> ‘ஒத்திசைவு’ என்றால் கைபேசியில் தொடர்புகளை ‘ஒத்திசை’ என்று வருவதோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். சொல்லப்போனால் இங்கேதான் அந்தச் சொல் இன்னும் பொருத்தமாக உட்காருகிறது. சிங்க்ரோஸ்கோப் (இரண்டு மூலமும் ஒத்துப்போகிறதா என்று முள்ளால் காட்டும் கருவி) இல்லாத பழைய கூடத்தில் செய்ததைப் பாருங்கள். திறந்திருக்கும் சுவிட்சின் இரு பக்கத்துக்கும் குறுக்கே பேஸுக்கு ஒன்றாகக் குண்டு பல்புகளைக் கட்டுவார்கள். (ஒன்று என்றேன், உண்மையில் 230 வோல்ட் பல்பு இரண்டைத் தொடராகப் போட வேண்டும். இரண்டு மூலமும் நேர் எதிராக நிற்கும் கணத்தில் குறுக்கே 460 வோல்ட் வரும்.) அதிர்வெண் ஒத்துப்போகாதவரை பல்புகள் எரிந்து அணைந்து எரியும். ஜெனரேட்டரின் வேகத்தை 50 ஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுவர வர, அந்தத் துடிப்பு மெதுவாகும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திக்கு நடுவே கேட்கிற அலைவு மெதுவாகி அடங்குமே, அதேதான். இயற்பியலிலும் இரண்டும் ஒன்றுதான், பள்ளிப் பாடநூலில் ‘விம்மல்’ என்று படித்தோம். மூன்று பல்பும் சேர்ந்து அணைந்து கிடக்கும் இடைவெளியின் நடுவில் சுவிட்சைப் போட வேண்டும். சேர்ந்து அணையாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி அணைந்தால் பேஸ் வரிசை தலைகீழ், போடவே கூடாது.

சிங்க்ரோஸ்கோப் இருந்தால் முள்ளைப் பார்த்தால் போதும். 10 நொடிக்கு ஒரு சுற்று என்றால் வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ். முள் ‘வேகம்’ பக்கமாக மெல்லச் சுற்றி 12 மணியைத் தொடுவதற்குச் சற்று முன் பிரேக்கரைப் போடுவார்கள். அப்போது புதிய ஜெனரேட்டர் சுமையைத் தானே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மற்றதன் முதுகில் ஏறாது. தவறான கோணத்தில் போட்டால் தண்டே முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு அடி விழும்.

பெரிய அளவிலும் இதே கதைதான். தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ஒத்திசைந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக. அதற்கு முன்பும் தல்ச்சர்–கோலார் பாதையில் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நேர்மின்னோட்டமாக. நடுவில் நேர்மின்னோட்டம் இருந்தால் இரு பக்க அதிர்வெண்ணும் ஒத்துப்போகத் தேவையில்லை. ‘இணைந்திருந்தது, ஒத்திசையவில்லை’ என்று அந்தக் காலத்தை ஒரே வரியில் எழுத முடிகிறது பாருங்கள். ‘ஒருங்கிணைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

‘ஒத்திசைவு’ என்றால் ரெசனன்ஸோடு (resonance) மோதுமே என்று முன்பு ஒரு மடலில் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ஒத்ததிர்வு, இலங்கையில் பரிவு. ஆகவே ஒத்திசைவை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நேர்மின்னோட்டப் பெட்டிகள். கட்டுப்பாட்டுப் பலகையில் 24 வோல்ட் சப்ளை இரண்டைப் போட்டு, ஒவ்வொன்றின் நேர்முனையிலும் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்றை வைப்பது. எதில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலோ அது சுமையைத் தாங்கும், மற்றது காத்திருக்கும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும் மற்றதை இழுக்காது. சிலிக்கான் டயோடில் 0.7 வோல்ட் போகும், 10 ஆம்பியரில் 7 வாட் சூடு, ஆகவே வெப்பத்தகடு கட்டாயம். இதற்கு ‘ஒருவழி இணைப்பு’ போதும், புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

சோலார் இன்வெர்ட்டர் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: ஈபியோடு சேரும் வகை தானே ஒத்திசைத்துக்கொள்ளும். ஈபி போனால் அதுவும் நின்றாக வேண்டும், காரணம் மேலே சொன்ன அதே லைன்மேன். பேட்டரி இல்லாமல் ‘சோலார் போட்டும் ஃபேன் நிற்கிறதே’ என்பது அதனால்தான். ஈபி போனபின் வீடு தனித்தீவாக நின்று கம்பிக்கு மின்சாரம் கொடுக்காதபடி செய்யும் அந்தக் காப்புக்குத் ‘தீவாதல் தடுப்பு’ (anti-islanding) என்று எழுதி வருகிறேன்.

கடைசியாக ஒரு சிக்கல். கருவிக்கு ‘விட்டுப்பிடி மாற்றி’ என்றால் மின்மாற்றி வகையறாவோடு போய் நிற்கும். சுவிட்சுக்கு இலங்கையில் வழங்கும் ‘ஆளி’யை எடுத்து ‘விட்டுப்பிடி ஆளி’ என்றால் எனக்குச் சம்மதம். சேஞ்ச்ஓவருக்கு அங்கே வேலைக்காரர்கள் வேறு சொல் வைத்திருந்தால் இலங்கை நண்பர்கள் எழுதவும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.