இத்தாலியன்: ஏ2 முடிந்த பிறகு இறந்தகாலத்தில் தடுமாற்றம்

வைகைக்கரை கேட்டது:
இத்தாலியனில் ஏ2 (அடிப்படை நிலை) பாடங்கள் முடிந்தன, அடுத்து பி1 (இடைநிலை). வாசித்தால் புரிகிறது. பேச வாயெடுத்தால் இறந்தகாலத்துக்கு பாஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோவா (முடிந்த செயலுக்கான வடிவம்), இம்பெர்ஃபெத்தோவா (நடந்துகொண்டிருந்ததற்கும் வழக்கத்துக்குமான வடிவம்) என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. "நீண்ட செயலுக்கு இம்பெர்ஃபெத்தோ" என்ற விதியை நம்பினால் பாதி தப்பாகிறது. இன்னொன்று: நம்ம "நீங்க" மாதிரி, பலரைக் குறிக்கும் "வோய்" என்பதை மரியாதைக்காக ஒருவரிடமே சொல்லலாமா?

மொழிப்பித்தன்:
அந்த விதியை விட்டுவிடுங்கள். செயல் நீண்டதா, குறுகியதா என்பது கணக்கே இல்லை. அதற்கு எல்லை கட்டியிருக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. "மூன்று வருஷம் ரோமில் இருந்தேன்" நீண்டதுதான், ஆனால் மூன்று என்று கட்டிவிட்டீர்கள்: ஓ ஆபிதாதோ ஆ ரோமா பெர் த்ரே ஆன்னி. "அப்போ ரோமில் இருந்தேன், அந்தச் சமயத்தில்தான்..." என்று இழுத்தால் ஆபிதாவோ.

பழைய வழக்கத்துக்குத் தமிழையே கேளுங்கள். "சின்ன வயசுல தினமும் கடலுக்குப் போவேன்" என்று நாம் எதிர்கால வடிவில் சொல்கிறோமே, அந்தப் போவேன், வருவார், சாப்பிடுவோம் எல்லாமே இம்பெர்ஃபெத்தோ: ஆந்தாவோ ஆல் மாரே. இன்னும் தொடர்வதற்கு இறந்தகாலமே வேண்டாம். "மூணு வருஷமா இங்கே இருக்கேன்" நிகழ்காலம். இத்தாலியனிலும் அப்படியே, ஆபிதோ குயி தா த்ரே ஆன்னி. ஆங்கிலம் வழியாகப் போனால்தான் இங்கே வழுக்கும்.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே மாறும். ஸாபேவோ என்றால் முன்பே தெரியும்; ஓ ஸாபூதோ என்றால் தெரியவந்தது. கொனோஷ்ஷேவோ, ஏற்கெனவே பழக்கம். ஓ கொனோஷ்ஷூதோ, அன்றுதான் அறிமுகம்.

தென்னங்கீற்று:
வோய் வேண்டாம். தெற்கில், நேப்பிள்ஸ் பக்கம், பெரியவர்களிடம் இன்றும் சொல்வார்கள். பொதுவழக்கில் ஒருவருக்கு மரியாதை லேய்தான், வினை படர்க்கை ஒருமை. கடைக்காரர், டாக்டர், முன்பின் தெரியாத பெரியவர் எல்லோருக்கும் லேய். அவர்களிடம் வணக்கத்துக்கு "சாவ்" சொல்லாமல் "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவே "ஸால்வே" இருக்கிறது. தூவுக்கு (நெருக்கமான "நீ") மாறலாம் என்பதை மூத்தவர் முதலில் சொல்வதுதான் முறை.

கவனிக்க வேண்டிய சிக்கல்: கூப்பிடும் வடிவங்கள் குறுக்கே மாறும். "மன்னிக்கணும்" என்பதற்கு நண்பனிடம் ஸ்கூஸா, பெரியவரிடம் ஸ்கூஸி. ஆனால் "கேளுங்க" என்பதற்கு நண்பனிடம் ஸெந்தி, பெரியவரிடம் ஸெந்தா. "ஆரே" என்று முடியும் வினைகளில் மரியாதைக்கு இ, மற்றவற்றில் ஆ. இந்த மரியாதை வடிவங்கள் உண்மையில் கொஞ்ஜுந்தீவோ (விருப்பம், ஐயம் முதலியவற்றுக்கான வினைவடிவம்). மீ தீகா (சொல்லுங்கள்), வேங்கா (வாருங்கள்) இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்தால் பி1 இலக்கணத்தின் கஷ்டமான பகுதிக்குள் பாதி நுழைந்தாயிற்று.

உச்சரிப்பிலும் நமக்கென்று ஒரு பிழை உண்டு. இரட்டை மெய் நமக்குச் சுலபம், ஒற்றைதான் கஷ்டம். அமீகோவில் (நண்பன்) க மென்மையாகிவிட்டால் ஸ்பானிஷ் ஆகிவிடும், அழுத்தினால் அமிக்கோ. முன்னுள்ள உயிரை நீட்டி, மெய்யை வல்லினமாகவே ஒருமுறை மட்டும் தொடுங்கள். ஸேதே தாகம், ஸெத்தே ஏழு: இந்த ஜோடியைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:
"யேரி ப்யோவேவா, நோன் ஸோனோ உஷ்ஷீதோ." நேற்று மழை, வெளியே போகவில்லை. சரியா?

மொழிப்பித்தன்:
சரி. மழை பின்னணி, போகாதது நிகழ்ச்சி. "நாள் முழுக்க" என்று சேர்த்தால் எல்லை வந்துவிடும்: யேரி ஆ ப்யோவூதோ தூத்தோ இல் ஜோர்னோ.