பேரைக் கூப்பிட்டார்கள், நான்தான் எழுந்திருக்கவில்லை

அரூர் பக்கம்:

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அப்பாவுக்குத் தலையில் ஸ்கேன். அப்பா பேர் தீர்த்தகிரி. தீர்த்தமலைச் சாமி தீர்த்தகிரீஸ்வரர், அதனால் எங்கள் பக்கம் தெருவுக்கு ரெண்டு தீர்த்தகிரி இருப்பார்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கினோம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய், எடுத்து முடித்து, கேன்டீனில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரிப்போர்ட் வாங்க வந்து நிற்கிறார்கள். பதினோரு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் கவுண்ட்டரில் போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். "மூணு வாட்டி கூப்பிட்டோம் சார், யாரும் வரல." என்ன என்று கூப்பிட்டீர்கள் என்றேன். "திர்த் கிரி. மிஸ்டர் திர்த் கிரி."

பதிவு செய்தவர் பேரை நடுவில் உடைத்து, கிரியைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். மூன்று தடவையும் அது என் காதில் விழுந்தது. யாரோ வடநாட்டுச் சாமியார் போலிருக்கிறது, பாவம், இந்த நேரம் பார்த்து எங்கே எழுந்து போனாரோ என்று நினைத்துக்கொண்டே போனை நோண்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது எங்கப்பாவை.

ரெண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தக் குரல் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நெல்லிக்கனி:

என் பேர் ஔவை. அதியமான் ஊரில் பிறந்த பெண்ணுக்கு இந்தப் பேரை ஏன் வைத்தோம் என்று எங்கள் தாத்தா யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. விளக்கம் சொல்கிற வேலை எல்லாம் எனக்குத்தான் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. தலைப்பு என்ன தெரியுமா? நெல்லிக்கனி கொடுத்த கதைதான். மேடையில் சிறப்பு விருந்தினர் சான்றிதழைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மைக்கில், நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "ஒ... ள... வை." ஒரு நொடி அமைதி. அப்புறம் மொத்த மைதானமும் சிரித்தது. நான் படி ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். பன்னிரண்டாவது முடியும்வரை எனக்கு ஒள்ளு என்றுதான் பேர்.

அவர் மேல் தப்பே இல்லை. அவர் எதிரே இருந்ததைத்தான் வாசித்தார். ஔ என்பது ஒரே எழுத்து. டைப் அடிப்பவர்கள் ஒ போட்டு, பக்கத்தில் ஒரு முழு ள-வை ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேறு வேறு ஆள். பட்டியல் எதிலாவது என் பேரைத் தட்டித் தேடினால் நான் இருக்க மாட்டேன், ஒள்ளு இருப்பாள். இப்போதெல்லாம் முதலிலேயே அந்தத் தப்பான பேரைத் தட்டித் தேடிப் பழகிவிட்டேன். அதுதான் கொஞ்சம் கசக்கிறது.

மாதேஷ், மகேஷ் அல்ல:

கோபப்படாமல் கேளுங்கள். வாயில் நுழையாத பேரை வைத்துவிட்டு ஊரைக் குற்றம் சொல்லக் கூடாது. சின்னதாக, சுலபமாக வைக்க வேண்டும். ஔவை அக்கா அவ்வை என்று எழுதியிருந்தால் பாதித் தொல்லை இல்லை, இலக்கணமும் அதற்கு இடம் கொடுக்கிறது.

என் பேர் மாதேஷ். மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் வகுப்புக்கு அஞ்சு பேர் இருந்தோம், எஸ்.மாதேஷ், கே.மாதேஷ் என்று இனிஷியலை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். தொப்பூர் கணவாய் தாண்டினால் நான் மகேஷ். சொல்லிப் பார்த்தேன், எழுதிக் காட்டினேன், "ஓ, மகேஷா" என்று அன்பாகத் திருத்துவார்கள்.

கல்யாணம் நாகர்கோவிலில், பெண் வீட்டில். பாலக்கோட்டிலிருந்து ராத்திரியெல்லாம் வேனில் போய் விடிகாலை மண்டபத்து வாசலில் இறங்குகிறோம். எங்கள் ஆயா அஞ்சாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி எதையும் வாசிக்காமல் விடமாட்டார். பத்தடிக்கு நிற்கிற ஃபிளெக்ஸைப் பார்த்து, "ம...கே...ஷ்... யார்றா இவன்? வண்டிய எடுங்கடா, மண்டபம் மாறி வந்துட்டோம்" என்று இறங்க மாட்டேன் என்றுவிட்டார். தட்டு வரிசையோடு இறங்கின சொந்தக்காரர்களும் குழம்பிப்போய்த் திரும்ப வேனில் ஏறுகிறார்கள். மாமனார் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

விட்டுத்தள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை. நாம் ஹ-வைத் தூக்கிவிட்டோம், வருகிற டூரிஸ்ட் எல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறான். தண்ணீர் விழாமலா இருக்கிறது? 2020-ல் அரசாங்கமே 1018 ஊர்ப் பேர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, கோயம்புத்தூருக்கு வந்த நீளத்தைப் பார்த்து எல்லோரும் கிண்டல் பண்ணி, கொஞ்ச நாளில் திரும்ப வாங்கிக்கொண்டது. தருமபுரியா தர்மபுரியா என்றே நமக்கு இன்னும் முடிவாகவில்லை. இதில் நம் பேர் எம்மாத்திரம்?

தளிக்காரன்:

மாதேஷ் தம்பி, சின்னதாக வைக்க வேண்டும் என்கிறீர்கள். உங்கள் பேர் மூன்றே எழுத்து. அதையும்தானே மாற்றி மண்டபத்து வாசலில் கட்டினார்கள்?

என் பேர் பைரப்பா. வீட்டில் தெலுங்கு, கோயிலில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கன்னடத்தில் எழுதினால் பைரவருக்கு உரிய அழுத்தமான எழுத்து தனியாக இருக்கிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே ப. அதனால் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால், கையில் தொங்கவிடுகிற பை என்று ஆரம்பித்துத்தான் வாசிப்பார்கள். தமிழைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1998. மதுரைப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல். முதல் வாரமே பேர் பை ஆகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன், இப்போது நீங்கள் சொல்கிறீர்களே, அதே மாதிரி. ரெண்டாவது வருஷம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்திருக்கிறார். ராகிக் களி கிளறத் தோதாக வீட்டு மாவு ரெண்டு படி, கூட எள்ளுருண்டை. வாசலில் வாட்ச்மேனிடம் பைரப்பா எந்த ரூம் என்று, எங்கள் உச்சரிப்பில் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றுவிட்டார் அவர். உள்ளேயிருந்து வந்த பையன்கள் ரெண்டு பேரும் இல்லை என்றார்கள். அவர்களுக்கும் தெரியாது, பை என்றால்தான் தெரியும்.

சாயந்திரம் டீ குடிக்க வெளியே போனவன், பஸ் ஸ்டாப் திண்ணையில் அந்த மாவு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காலையிலிருந்து அங்கேதான். "நீ காலேஜை விட்டு நின்னுட்டியோன்னு நெனச்சேன்பா" என்றார். விட்டுத்தள்ளினால் இப்படியும் ஆகும், தம்பி.

இ-சேவை கிருஷ்ணகிரி:

எல்லோருடைய பிரச்சினையும் தீர்க்கக்கூடியதுதான். நான் இந்த வேலையில் தினமும் ஐம்பது பேர் பார்க்கிறேன். என் பெண் யாழினிக்கே இசட் ஹெச் போடாமல் எல் போட்டுப் பதிந்தவன் நான், அவசரத்தில் நடந்தது, அதை விடுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்தவுடன் பேரைப் பதிந்துவிடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆதாரில் பேரை வாழ்நாளில் ரெண்டே தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காதீர்கள். முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்து வரும்படி திருத்துங்கள். தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் கொடுத்து ஒரு பிரதி கையில் வைத்துக்கொண்டால் எங்கேயும் பேசலாம்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதி, ஆதாரில் விரிக்காமல் விட்டால் இணைக்கும்போது ஒத்துப்போகாது. துபாய் போகிறவர்கள் கவனியுங்கள்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் அங்கே விதி கொண்டுவந்தார்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் என்கிற கட்டமே காலிதான். அப்பா பேரை அங்கே போட்டுவிடுங்கள். இன்னொன்று, 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கும். அது தப்பு இல்லை, அதைத் திருத்த வேண்டும் என்று வந்து நிற்காதீர்கள், தினமும் ரெண்டு பேராவது வருகிறார்கள்.

ஔவை மேடம், உங்களுடையதை ஒரு மாதத்தில் முடித்துத் தரலாம்.

நெல்லிக்கனி:

நான் எதையும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கவில்லையே சார். படியில் நின்றதைத்தான் சொன்னேன். அதைத் திருத்தத் தனி விண்ணப்பம் இருந்தால் சொல்லுங்கள்.

மாதேஷ் தம்பி, அவ்வை என்றும் ஒரு வருஷம் எழுதிப் பார்த்தேன். "ஔவையார் பேரைத் தப்பாக எழுதியிருக்கிறாயே, தமிழ் தெரியாதா" என்று கேட்டார்கள்.

பென்னாகரம் பழைய வாத்தியார்:

நான் பேரைத் தப்பாக எழுதியவன் இல்லை. சரியாக எழுதியவன். அதுதான் உறுத்துகிறது.

நாலாவதும் பெண் என்றால் வேண்டா, போதும்பொண்ணு என்று பேர் வைத்த வீடுகளை இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுகிறவர்களின் பேர்ப் பட்டியல், எழுதுகிற சமயம் ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் கணக்கு நோட்டு. அட்டையில் ஒட்டியிருந்த லேபிளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பேருக்கு நடுவே இருந்த 'என்' எழுத்தை நீல மையால் அடித்து வேதா என்று ஆக்கி வைத்திருந்தாள். "சார், நீங்க கை தவறி எழுதின மாதிரி எழுதிடுங்க சார். யாரும் கேட்க மாட்டாங்க." ஒரே ஒரு எழுத்து. பேரைத் தப்பாக எழுதச் சொல்லிக் கெஞ்சிய ஒரே பிள்ளை என் முப்பது வருஷத்தில் அவள்தான்.

பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியும், அப்பாவைக் கூட்டி வா என்றேன். அவள் சரிங்க சார் என்று போய்விட்டாள். அப்பா வரவில்லை. நான் என் அழகான கையெழுத்தில் வேண்டா என்று எழுதினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரே மாதிரிப் புடவையில் நாலைந்து பெண்கள், எல்லோர் கழுத்திலும் ஒரே கம்பெனி அடையாள அட்டை, நடுவில் அவள். சந்தோஷத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன், அந்தப் பேரைச் சொல்லி. கூட இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

இ-சேவை கிருஷ்ணகிரி:

சார், அது நாமினல் ரோலிலேயே பள்ளி மூலம் திருத்தியிருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அந்தப் பெண்ணை அரசிதழுக்கு

தளிக்காரன்:

அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்கள்.

அரூர்க்காரரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று முதலிலிருந்தே நினைத்தேன். நீங்கள்தான் போன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், சரி. உங்கள் அப்பாவுக்குமா தன் பேர் என்று தெரியவில்லை? என்னைப் பை என்று கூப்பிட்டாலும் சரி, பைய்யா என்று கூப்பிட்டாலும் சரி, எங்கப்பா என்றால் அது நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அரூர் பக்கம்:

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பேச்சு இன்னும் வரவில்லை. வீல் சேரில் எனக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஊரில் அவரை யாரும் அந்த ர் போட்டுக் கூப்பிட்டதில்லை, அம்மாவிலிருந்து பால்காரர் வரை தீத்தகிரிதான். அவருக்குத் தன் பேர் உடைந்து நசுங்கி வருவது புதிதில்லை போலிருக்கிறது.

ரெண்டாவது தடவை கூப்பிட்டபோது இடது கையைத் தூக்கினார். வகுப்பில் உள்ளேன் ஐயா சொல்வதற்குத் தூக்குவது மாதிரி, தோளுக்கு மேலே. நான் போனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "தண்ணியா? ஸ்கேன் முடியட்டும்பா, இப்பக் குடிக்கக் கூடாது" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தேன்.

மூன்றாவது தடவையும் தூக்கினார்.