மறு: பொது பஸ்ஸையும் சமூக சேவை வண்டிகளையும் இணைப்பவர் – கலைச்சொல் வேண்டும்

அன்பின் டீச்சர்,

உயர்தர மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டல் கைநூலில் இந்தத் தொழிலையும் சேர்க்கிறீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். மாகாண மட்டத்தில் போக்குவரத்துத் திட்டமிடலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து பஸ் நேர அட்டவணைகளோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரைவில் இப்படி இருக்கிறது:

> மனித சேவைகள் போக்குவரத்து ஒருங்கிணைப்புத் திட்டமிடுபவர், நடமாட்ட முகாமையாளர்

சொல்லுக்குச் சொல் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று இதை வாசித்துவிட்டு, இந்த ஆள் காலையில் கந்தோருக்குப் போய் என்ன வேலை பார்ப்பார் என்று ஊகிக்க வேண்டும். ஊகிக்க முடியாவிட்டால் அந்தச் சொல் நமக்கு உதவாது.

தொழில் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே நகர பஸ் ஒரு நிறுவனத்திடம் இருக்கும். முதியோர் நிலையத்து வான், மருத்துவ உதவித் திட்டம் ஏற்பாடு செய்யும் வண்டி, வேலைப் பயிற்சிக்கு ஆட்களைக் கொண்டுபோகும் வண்டி எல்லாம் வேறு வேறு கைகளில் இருக்கும். 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் எண்ணிப் பார்த்தது. வாகன வசதியற்றவர்களின் பயணத்துக்குப் பணம் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டங்கள் மட்டும் 62 இருந்தன. ஒரே தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு வான் பாதி காலியாக ஓடும். பக்கத்து ஊரில் சிறுநீரக நோயாளிக்குப் போக வழி இருக்காது. 2004இல் ஜனாதிபதி ஆணை ஒன்று வந்தது, 2005இல் சட்டம் வந்தது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான போக்குவரத்து மானியம் வேண்டுமென்றால், அந்தப் பகுதியில் எல்லாரும் கூடி எழுதிய இணைப்புத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்தக் கூட்டத்தைக் கூட்டுபவர்தான் நம்முடைய ஆள். யாரிடம் என்ன வண்டி, எந்த நேரம் சும்மா நிற்கிறது, எந்த ஊர் விடுபட்டுக் கிடக்கிறது, மற்றவருடைய ஆளை ஏற்றினால் டீசல் காசும் காப்புறுதியும் யார் பொறுப்பு என்று பேசித் தீர்ப்பது அவருடைய வேலை. படம் கீறுவதை விட ஆட்களோடு பேசுவதே அதிகம். இதைக் கைநூலில் அழுத்திச் சொல்லுங்கள். கணிதம் நன்றாக வரும் பிள்ளைகள் மட்டும்தான் இதற்குப் பொருத்தம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

இனி நம்முடைய பக்கம். தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசன் லயத்திலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மாதாமாதம் போக வேண்டும். விடியற்காலை தோட்டத்து ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். பிரதான வீதிக்கு வந்தால் பாடசாலை நேரத்து பஸ். மிதிபலகையில்தான் இடம் கிடைக்கும். நம்பர் எடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர நண்பகல் தாண்டும். திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் வெற்றிலைக் கடைக்காரர்தான் சொல்லுவார். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். இரண்டு பேருடைய நாட்சம்பளம் போக வேண்டாம் என்றுதான் பலர் துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறார்கள். அப்படித்தான் கிளினிக்கையே விட்டுவிடுகிறார்கள்.

வண்டிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தில் லொறி இருக்கிறது. சில தோட்டங்களில் ஆம்புலன்ஸ் இருக்கிறது. 2005இல் தொடங்கிய சிசு செரிய என்ற பாடசாலை பஸ் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பாடசாலை விடும்வரை அதன் வேலை முடிந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அது அவசர நோயாளிக்கு. மாதாந்தக் கிளினிக்குக்கு அதைக் கூப்பிட முடியாது, திரும்பக் கொண்டுவந்து விடவும் மாட்டாது. பொது பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் தனியாருக்கும் உரியது, அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்கு, தோட்டத்து ரோட்டு கம்பனிக்கு, கிளினிக் நேரம் சுகாதாரத்துக்கு. அந்த அம்மாவின் ஒரு பயணத்தை முழுதாகப் பார்க்கும் மேசை எந்தக் கந்தோரிலும் இல்லை. இந்த ஆதங்கம் வேலையில் இருந்த காலம் முழுவதும் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆகவே சொல்லின் நடுவில் வண்டி வரக்கூடாது, பயணம் வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

‘நடமாட்டம்’ வேண்டாம். நம் பத்திரிகைகளில் நடமாடுவது சந்தேக நபரும் சிறுத்தையும்தான். பொகவந்தலாவைப் பிள்ளைக்கு ‘நடமாட்ட முகாமையாளர்’ என்றால் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் என்றே தோன்றும். ‘அசைவியக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பௌதிகவியல் புத்தகத்துக்கு நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும்.

‘மனித சேவைகள்’ என்பதும் வேண்டாம். மனிதவளம் என்று வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது ஆட்சேர்ப்புப் பிரிவாகத் தெரியும். நான் முதலில் நினைத்தது ‘நலன்புரி’. அஸ்வெசும உதவிப்பணத்தை வழங்குவதே நலன்புரி நன்மைகள் சபை என்பதால் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் இந்த மடலாடலில் வவுனியா ஐயா நேற்று எழுதியதைப் பார்த்தீர்களா?

> 2009இல் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் இருந்த முகாமுக்கும் ‘நலன்புரி நிலையம்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை ஒரு பஸ்ஸில் எழுதினால் எங்கள் ஆட்கள் ஏறத் தயங்குவார்கள்.

இதற்குப் பிறகு அந்தச் சொல்லை முன்வைக்க எனக்கு மனமில்லை. ‘சமூகநலம்’ போதும். ‘சமூகநலப் பயணம்’ என்றால் கிளினிக், முதியோர் கொடுப்பனவு, விசேட தேவையுள்ள பிள்ளையின் பாடசாலை எல்லாம் அதற்குள் அடங்கும்.

அடுத்தது ‘ஒருங்கிணைப்பு’. தமிழ்நாட்டு நண்பர்கள் அதையே வலியுறுத்துகிறார்கள். அங்கே அது பழகிய சொல், மறுக்கவில்லை. நம் அரச கடிதங்களில் ‘இணைப்பாக்கம்’ இருக்கிறது. இரண்டு சொல் கையிலிருப்பது நமக்கு வசதி. எல்லாவற்றையும் ஒரே நிறுவனமாக்கி, ஒரே ரிக்கற்றில் ஓட்டினால் அது ஒருங்கிணைப்பு. அவரவர் வண்டி, அவரவர் பணம் அவரவரிடமே இருக்க, நேரத்தையும் இருக்கையையும் மட்டும் பொருத்தி வைத்தால் அது இணைப்பாக்கம். இந்தத் தொழில் இரண்டாவது வகை. தோட்டக் கம்பனியிடம் போய் “உங்கள் ஆம்புலன்ஸை எங்களிடம் தாருங்கள்” என்றால் கதவு மூடும்; “செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரும்போது பக்கத்து டிவிசன் ஆட்களையும் ஏற்றிக்கொள்ள முடியுமா” என்றால் பேசலாம்.

என் முன்மொழிவு: தொழிலுக்கு ‘சமூகநலப் பயண இணைப்பாக்கம்’. செய்பவர் ‘பயண இணைப்பாளர்’. அவர் எழுதும் ஆவணம் ‘பயண இணைப்புத் திட்டம்’.

‘பராட்ரான்சிட்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படியான வரையறை உண்டு. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பஸ் வழியிலிருந்து முக்கால் மைலுக்குள் இருந்தும் பஸ்ஸில் ஏற இயலாதவருக்கு முன்கூட்டிச் சொன்னால் வண்டி அனுப்ப வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. நம் ஆய்வாளர்கள் அதே பெயரை ஆட்டோவுக்கும் பாடசாலை வானுக்கும் சொல்கிறார்கள். முதலாவதற்கு ‘முன்பதிவு வண்டிச் சேவை’ என்று எழுதிவிடுங்கள்.

கண்டியிலிருந்து

* * *

ஐயாவுக்கு வணக்கம். பதுளையிலிருந்து எழுதுகிறேன். ‘இணைப்பாளர்’ என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அமைச்சரின் இணைப்பாளர்தான் ஞாபகம் வரும். அரசியல் நியமனம் என்று நினைத்துவிட்டால் பிள்ளைகள் படிக்க வேண்டிய தொழிலாக இதைப் பார்ப்பார்களா? ‘பயண ஒழுங்கமைப்பாளர்’ ஆகாதா?

* * *

அன்பின் பதுளைத் தம்பி,

நியாயமான கேள்வி. ஆனால் ‘அமைப்பாளர்’ என்றால் தொகுதி அமைப்பாளர், அங்கேயும் கட்சி நிற்கிறது. பயணத்தோடு ‘ஒழுங்கமைப்பு’ சேர்ந்தால் கதிர்காமம், மடு யாத்திரைக்கு பஸ் பிடித்துத் தருபவர் ஆகிவிடுகிறார். ‘இணைப்பாளர்’ என்ற சொல்லை அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டுமா? வைத்தியசாலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் படித்துப் பயிற்சி பெற்ற இணைப்பாளர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை ‘சமூகநலப் பயண இணைப்பாளர்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். கீழே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவமும் நகரத் திட்டமிடலும் படிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இது படித்துப் போகும் தொழில் என்பது விளங்கும்.

டீச்சர், வரைவிலுள்ள இன்னொரு சொல் மிச்சம் இருக்கிறது. ஆளை இறக்கிவிட்டு வண்டி வெறுமையாகத் திரும்பும் ஓட்டத்துக்கு என்ன பெயர்? இணைப்புத் திட்டம் போடும்போது முதலில் தேடுவது அந்த ஓட்டத்தைத்தான். இருக்கை அங்கேதான் கிடைக்கும். ‘வெறும் ஓட்டம்’ என்று நான் எழுதி வந்தேன். ஹட்டன் பஸ் நிலையத்திலோ கொழுந்து லொறி சாரதிகளிடமோ இதற்குப் புழக்கத்தில் ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். விசாரித்து எழுதுங்கள்.