புதுப்பிப்பு: துப்பாக்கி மேகசின் உட்காராத பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: எங்க கிளப் .22 செமி ஆட்டோ ரைபிள்ல 10 தோட்டாவும் நிரப்புனா மேகசின் (தோட்டா அடைக்கிற பெட்டி) 'டக்'குன்னு மாட்டாது, சுடும்போதே கழண்டு தொங்கும்னு. ஸ்பிரிங் போயிட்டுன்னு நெனச்சேன். தப்பு.

பாளையங்கோட்டைல, ராணுவத்துல ஆர்மரரா (துப்பாக்கி பழுது பாக்குறவரா) இருந்த அண்ணாச்சிகிட்ட காட்டுனேன். காலி மேகசினை மாட்டுனார், கச்சிதமா உட்கார்ந்துச்சு. "போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி மூடுற பாகம்) மூடியிருக்கையில மேல் தோட்டா அதோட அடியில முட்டுதுல்லா, அதான் லாச் (மேகசினைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) வரைக்கும் ஏறல"ன்னார். போல்ட்டைத் திறந்துவச்சு மாட்டுனா நல்லா ஏறுது. மூடியே மாட்டணும்னா 9 தோட்டா மட்டும் நிரப்புனா போதும்.

லாச் பள்ளத்துல வேற மெழுகும் ஈயக் கரியும் அப்பிக் கெடந்துச்சு (.22 தோட்டாவுல சகஜந்தான்). பிரஷ் போட்டு எடுத்தோம். இப்பல்லாம் மாட்டுனதும் கீழ இழுத்துப் பாத்துட்டுத்தான் சுடுறேன்.

லாச்சை அரம் போட்டுத் தேய்க்கச் சொன்னவங்களுக்கு: தயவுசெஞ்சு யாருக்கும் அப்படிச் சொல்லாதீங்க. நேத்து 50 ரவுண்டு, ஒருதடவைகூட கழலல.