குண்டு எறிதல்: தூரமாய் விழுந்தும் பவுல், ஏன்? கிளைடா ஸ்பின்னா?

முத்துநகர்_தம்பி:
தங்கை பிளஸ் ஒன் படிக்கிறாள். மாவட்டப் போட்டியில் அவள் குண்டுதான் எல்லாவற்றையும் தாண்டி விழுந்தது, ஆனால் சிவப்புக் கொடி காட்டி பவுல் (செல்லாத எறி) என்றார்கள். எறியும் வட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் பலகையை மிதிக்கவே இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். எறிந்துவிட்டு அப்படியே முன்பக்கமாக இறங்கி வந்தாள், அதற்காகவா? அப்புறம், இவள் கிளைடு (பின்னோக்கி நேராகச் சறுக்கி வந்து எறிவது) போடுகிறாள். வீடியோவில் எல்லாரும் ஸ்பின், அதாவது சுழன்றே எறிகிறார்கள், மாற்றிவிடலாமா?

வட்டத்துக்குள்:
அதேதான் காரணம். வட்டத்தின் இரு பக்கமும் வெளியே நீளும் வெள்ளைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். குண்டு தரையில் விழுந்த பிறகு, அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் வெளியேற வேண்டும். முன்பக்கம் கால் வைத்தால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கணக்கில் வராது. பலகையின் உள்பக்கத்தில் கால் இடிக்கலாம், மேல்பக்கத்தில் பட்டால் பவுல். பயிற்சியிலும் ஒவ்வொரு எறிக்கும் பின்பக்கமாகவே வெளியே வரச் சொல்லுங்கள், போட்டிப் பதற்றத்தில் பழக்கம்தான் காப்பாற்றும்.

பழைய பி.டி. மாஸ்டர்:
தம்பி, இப்போது ஸ்பின் வேண்டாம். 2.135 மீட்டர் வட்டத்துக்குள் சுழன்று, நிலை தவறாமல் நிற்பதற்கே நல்ல கால்வலு வேண்டும். ஆண்கள் உலக சாதனை (அமெரிக்க வீரர் கிரௌசர், 2023, 23.56 மீட்டர்) ஸ்பின்னில் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் பெண்களில் சோவியத் வீராங்கனை லிசோவ்ஸ்கயா 1987-ல் எறிந்த 22.63 மீட்டரை இன்றுவரை யாரும் தாண்டவில்லை, அவர் போட்டது கிளைடு.

முதலில் குண்டைப் பிடிப்பதைக் கவனியுங்கள். அது உள்ளங்கையில் உட்காரக் கூடாது. எறிந்து முடித்ததும் கையை விரித்துப் பார்த்தால் விரல்களிலும் விரலடியிலும்தான் மண் ஒட்டியிருக்க வேண்டும். குண்டு தாடைக்குக் கீழே கழுத்தை ஒட்டியே இருக்கட்டும். முழங்கை தாழ்ந்தால் தள்ளுவதற்குப் பதில் பந்து வீசுவதுபோல ஆகிவிடும், குண்டு தோளுக்குப் பின்னால் போனால் அதுவும் பவுல், முழங்கைக்கும் கேடு.

முத்துநகர்_தம்பி:
நன்றி சார். கைக்கு வலுவேற்ற தண்டால் எடுக்கச் சொல்லலாமா?

பழைய பி.டி. மாஸ்டர்:
எடுக்கட்டும், ஆனால் தூரம் காலிலிருந்துதான் வருகிறது. பின்கால் தரையை உதைத்து, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கை. நின்ற இடத்திலிருந்து எறியும் பயிற்சியைத் தினமும் கொடுங்கள், கை முந்தாமல் இடுப்பு முதலில் திரும்புகிறதா என்று பக்கவாட்டில் நின்று போனில் எடுத்துப் பாருங்கள். அது சரியானதும் கிளைடைச் சேர்த்துக்கொள்ளலாம்.